சிங்கப்பூரில் பிள்ளைக்கு எந்தப் பள்ளி: உள்ளூரா, இந்தியப் பாடத்திட்டமா, ஊருக்கே திரும்புவதா?

இங்கே வேலைக்கு வந்த நம் குடும்பங்களில் மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும்போது பள்ளிப் பேச்சு தொடங்கிவிடும். கட்டணத்தில் ஆரம்பிக்கும், "நாளைக்கு ஊருக்குப் போக வேண்டி வந்தா?" என்பதில் வந்து நிற்கும். அதற்கு மேல் நகராது. வேலை அனுமதி அடுத்த முறை புதுப்பிக்கப்படுமா தெரியாது, நிரந்தரவாசம் கிடைக்குமா தெரியாது, ஊரில் பெற்றவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இதில் எதுவும் தெளிவாகாமல் ஒரு குழந்தையின் பத்துப் பன்னிரண்டு வருடத்தை எப்படி முடிவு செய்வது என்ற தவிப்பு எங்கள் வீட்டிலும் இருந்தது.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் உள்ளூர்ப் பள்ளி ஒன்று. சிபிஎஸ்இ போன்ற இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பன்னாட்டுப் பள்ளி இன்னொன்று. அப்புறம், தாயும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பிவிட, தந்தை மட்டும் இங்கே தங்குவது. என் மகள் உள்ளூர்ப் பள்ளியில் தொடக்கநிலை ஐந்து படிக்கிறாள். மகன் பாலர் பள்ளியில் இருக்கிறான். நெருங்கிய தோழிகளில் ஒருத்தி இரண்டாவது வழியை எடுத்தாள், இன்னொருத்தி மூன்றாவதை. மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. கட்டணத்தையும் மதிப்பெண்ணையும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. பிள்ளைக்கு இப்போது என்ன வயது, குடும்பம் இங்கே இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டணத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் கட்டணம் கிடையாது, மாதம் 13 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இதரச் செலவு மட்டும். நிரந்தரவாசிகளுக்குச் சில நூறு வெள்ளி. ஆசியான் நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த நமக்கு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் மறுபடி இரட்டிப்பாகிறது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மாதக் கட்டணம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். பள்ளிப் பேருந்தும் சேர்க்கைக் கட்டணமும் தனி. ஆனால் உள்ளூர்த் தொடக்கப்பள்ளி மதியம் ஒன்றரை மணிவாக்கில் விட்டுவிடும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர்ப் பள்ளி குறைந்த செலவு என்பது குடிமக்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு நமக்குப் பொருந்தாது. அதனால்தான் பணத்தை முதல் காரணமாக வைக்காதீர்கள் என்கிறேன்.

உள்ளூர்ப் பள்ளியில் பெரிய சிக்கல் இடம் கிடைப்பதுதான். எந்த ஆண்டில் ஏழு வயது ஆகிறதோ அந்த ஆண்டு ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று தொடங்கும். பதிவு பல கட்டங்களாக நடக்கும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முந்திய கட்டங்களில் முடித்த பிறகு, கடைசியாக மூன்றாம் கட்டத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு. அக்காவோ அண்ணனோ அதே பள்ளியில் படித்தாலும் நமக்கு இதில் முன்னுரிமை இல்லை. இடம் கிடைக்காமலே போகலாம், கிடைத்தாலும் வீட்டிலிருந்து தூரமாக இருக்கலாம். தொடக்கநிலை ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வழி ஏஇஐஎஸ் நுழைவுத் தேர்வு. ஆங்கிலமும் கணிதமும் சோதிப்பார்கள். தொடக்கநிலை இரண்டு முதல் ஐந்து வரைக்கும், உயர்நிலை ஒன்று முதல் மூன்று வரைக்கும் அதன் வழியாக நுழையலாம். தொடக்கநிலை ஆறில் நுழைய முடியாது. தேறினாலும் இடம் இருந்தால்தான் உண்டு, பள்ளியை அமைச்சே ஒதுக்கும். ஆகவே ஊரில் நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருபவர்கள், "வந்ததும் பக்கத்து ஸ்கூல்ல சேத்துடலாம்" என்று எண்ணி விமானம் ஏற வேண்டாம். அந்தப் பிள்ளை பல மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க நேரிடும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கிறது?

நான் முதலில் சொல்வது இந்தச் சிங்கப்பூரோடு ஏற்படும் ஒட்டுதலை. வீட்டுக்குக் கீழே கூடைப்பந்து விளையாடும் சீனப் பையன், மின்தூக்கியில் பார்க்கும் மலாய்ச் சிறுமி, இவர்கள் எல்லாரும் வகுப்புத் தோழர்கள் ஆகிவிடுகிறார்கள். ஒன்பது பத்து வயதில் பிள்ளைகள் தனியாகப் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் போய் வருகிறார்கள். ஊரில் ஒரு பெண் குழந்தையை அந்த வயதில் நான் அப்படி அனுப்ப மாட்டேன். என் மகள் தானே போய்த் தன் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். ஜூலை 21-ஆம் தேதி, 1964 இனக் கலவரத்தை நினைவில் வைத்துக் கொண்டாடப்படும் இன நல்லிணக்க நாளன்று, அவள் பாவாடை சட்டையில் போவதை வகுப்பில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. தான் இந்த ஊரில் ஒரு விருந்தாளி என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. எனக்கு அது இன்னும் இருக்கிறது.

அடுத்தது தமிழ். பலர் எதிர்பார்க்காத இடத்தில் உள்ளூர்ப் பள்ளி முந்துவது இங்கேதான். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தொடக்கநிலை ஆறின் முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்று நான்கு பாடங்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலை கொடுத்து, நான்கையும் கூட்டுகிறார்கள். மொத்தம் 4 வந்தால் மிகச் சிறப்பு, 32 கடைசி. அந்தக் கூட்டலில் தமிழுக்கும் கணிதத்துக்கும் ஒரே எடை. தமிழை ஒதுக்கிவைக்க ஒரு பெற்றோருக்கும் மனம் வராது. பாடமும் மனப்பாடச் செய்யுளில் நிற்பதில்லை. படத்தைப் பார்த்துப் பேசு, காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல் என்று பேச்சுக்கு நிறைய இடம் தருகிறார்கள். தமிழ் ஆசிரியர் இல்லாத பள்ளியாக இருந்தால் பிள்ளை வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இதற்காகவே இயங்குகிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, அதில் பேச்சுப் போட்டி, நாடகம், கதைசொல்லல் என்று ஊர் முழுக்க நிகழ்ச்சிகள். சென்னையில் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்கு இதில் பாதி கூடக் கிடைக்கவில்லை.

அதே சமயம் பள்ளி மட்டும் தமிழைக் காப்பாற்றிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 குடிக்கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் விளையாடுவதும் சண்டை போடுவதும் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் கேட்டால் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நாள்கள் நிறைய உண்டு. ஊரில் ஆத்தாவிடம் தொலைபேசியில் பேசும்போது மட்டும் முழுத் தமிழ் வரும், ஏனென்றால் ஆத்தாவுக்கு வேறு வழி இல்லை. அதனால் வாரம் தவறாமல் அந்தப் பேச்சை நடத்துகிறோம்.

தேர்வு நெருக்கடியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகும். அரசு தன்னால் ஆனதைச் செய்துவருகிறது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் தேர்வு இல்லை. அரையாண்டுத் தேர்வுகளை 2023 முதல் எல்லா வகுப்புகளிலும் எடுத்துவிட்டார்கள். உயர்நிலையில் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்துவைக்கும் பழைய முறை 2024-இல் உயர்நிலை ஒன்றுக்கு வந்தவர்களில் இருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. இருந்தும் தொடக்கநிலை நான்கு வந்ததும் வீட்டுக்கு வீடு டியூஷன் தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு பொதுத்தேர்வு என்பது எனக்கு இன்றும் மனதுக்கு ஒப்பாத விஷயம். மெதுவாகப் பூக்கும் பிள்ளைக்கு அது கடினம். உங்கள் பிள்ளை அப்படிப்பட்டது என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன நன்மைகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மற்ற வழிகளைப் பாருங்கள்.

இன்னொன்று, ஊர்த் திருவிழாக்கள். உள்ளூர்ப் பள்ளிக்கு ஜூனில் நான்கு வாரமும், நவம்பர் நடுவிலிருந்து ஆண்டு முடியும் வரை ஆறு வாரமும் பெரிய விடுமுறை. ஜனவரி முதல் வாரத்தில் புது ஆண்டு தொடங்கிவிடும். அதாவது பள்ளிக்காலம் முழுக்க உங்கள் பிள்ளை ஊரில் ஒரு பொங்கலைப் பார்க்காது. சித்திரைத் திருவிழாவும் கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக் கூட்டமும் அப்படியே கைவிட்டுப் போகும். டிசம்பரில் போனால் மழையும், அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாமன் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். இதைக் கேட்டால் சிறிய விஷயமாகத் தெரியும். வருடா வருடம் நடக்கும்போது அப்படித் தெரியவில்லை.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு வருவோம். அதன் பலம் தொடர்ச்சி. கணவரின் நிறுவனம் அடுத்த வருடம் துபாய்க்கோ பெங்களூருக்கோ மாற்றினாலும் அதே சிபிஎஸ்இ புத்தகத்தோடு அடுத்த பக்கத்திலிருந்து தொடரலாம். வளைகுடா நாடுகள் எங்கும் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு இடம் வருமா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் பொதுத்தேர்வு இல்லை. நீட், ஜேஇஇ இரண்டும் பெரும்பாலும் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியவை, ஆகவே ஊரில் மருத்துவமோ பொறியியலோ படிக்கவைக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது நேர்வழி. இங்கே பள்ளிப் படிப்பின் முடிவில் வரும் ஏ நிலைத் தேர்வு முடித்தவர்களும் இந்தியக் கல்லூரிகளில் சேரலாம், தேவையான பாடங்களை எடுத்திருக்க வேண்டும் அவ்வளவுதான். ஆனால் நீட்டுக்குத் தனியாக, கிட்டத்தட்ட முதலில் இருந்து, தயாராக வேண்டியிருக்கும்.

ஒன்பது வயதுக்கு மேல் இங்கே வந்த பிள்ளைக்கும், இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்த குடும்பத்துக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். என் தோழியின் மகன் ஆறாம் வகுப்பில் வந்தான். இந்தியப் பாடத்திட்டத்தில் சேர்ந்த இரண்டாவது வாரமே வகுப்பில் கிரிக்கெட் அணியில் இருந்தான். அந்த வயதில் ஒரு பையனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் நான்கு வயதிலிருந்து இங்கேயே வளரும் பிள்ளையை இதில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டே சிங்கப்பூரைப் பார்க்காமல் வளரும் நிலை வந்துவிடுகிறது. பள்ளிப் பேருந்து காலையில் ஏற்றிக்கொண்டு மாலையில் இறக்கிவிடும், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு பழக்கமே ஏற்படாது. ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு நண்பனின் தந்தைக்கு வேலை முடிந்து அவன் கிளம்பிப் போவான். "இந்த வருஷம் யாரும்மா போறாங்க?" என்று தோழியின் மகள் மார்ச் மாதம் கேட்பாளாம். தமிழையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ் இரண்டாம் மொழியாக இருக்கிறதா, இருந்தால் எந்த வகுப்பு வரை, தனி ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். இந்தி எடுப்பது வசதி என்று நம்மிடமே சொல்லும் பள்ளிகள் உண்டு.

மூன்றாவது வழியை எடுப்பவர்களை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானம், நான்கு மணி நேரம்தான். வாடகை மிச்சம். தாத்தா பாட்டி மடியில் பிள்ளை வளரும். 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில், அதாவது கணவரைச் சார்ந்து தங்கும் அனுமதியில், இருக்கும் மனைவி வேலை பார்க்க வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். அதற்கு முன்பு ஓர் ஒப்புதல் கடிதம் போதுமாக இருந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு, படித்த, வேலை பார்த்த பெண்கள் பலர் இங்கே வீட்டில் அடைந்து கிடப்பதைவிட ஊரில் வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தந்தையை இங்கே விட்டுவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டரை மணி நேர வித்தியாசம் சிறிதுதான். ஆனால் ஊரில் பிள்ளை டியூஷன் முடித்துச் சாப்பிட்டு இரவு எட்டரைக்கு ஓய்வாக உட்காரும்போது இங்கே பதினொன்று. மறுநாள் ஆறு மணிக்கு எழ வேண்டிய மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு காணொளியில் வருவார். "சாப்டியா, ஹோம்வர்க் முடிச்சியா" என்பதற்குமேல் பேச்சு போகாது. தோழியின் கணவர் என்னிடமே சொன்னார், மகளின் சிநேகிதிகள் பெயர் ஒன்றுகூடத் தனக்குத் தெரியாது என்று. ஒரு தந்தைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு.

போவதானால் எல்லாரும் சேர்ந்து போங்கள், எட்டாம் வகுப்புக்கு முன்பே போங்கள். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். வகுப்புக் கணக்கையும் முன்கூட்டியே பாருங்கள். 2016 மார்ச்சில் பிறந்த பிள்ளை தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்து 2021 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும். சிங்கப்பூரில் அதே பிள்ளைக்குத் தொடக்கநிலை ஒன்று 2023 ஜனவரியில். 2026 ஜூனில் ஊரில் அது ஆறாம் வகுப்பு, இங்கே தொடக்கநிலை நான்கு. திரும்பிப் போனால் இரண்டு வகுப்பு தாண்டிச் சேர்ப்பதா, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரவைப்பதா என்ற கேள்வி வரும். கணிதத்தில் கவலை இல்லை. பட்டை வரைந்து கணக்கைப் புரிந்துகொள்ளும் சிங்கப்பூர் முறை நல்ல அடித்தளம். சமூக அறிவியலும் எழுத்துத் தமிழும்தான் ஒரு வருடமாவது இழுக்கும்.

மகன் இருக்கும் வீடுகளில் இதோடு நிரந்தரவாசக் கேள்வியும் கலந்துவிடுகிறது. பள்ளி இடத்துக்காகவும் குறைந்த கட்டணத்துக்காகவும் குடும்பமாக நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். தந்தைக்குத் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவ, சீருடைப் பணிக் கடமை இல்லை, அவர் வழியாக நிரந்தரவாசியாகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பிறகு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதன்பின் ஆண்டுதோறும் பயிற்சி அழைப்பு. பதின்மூன்று வயதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். "அப்போ பாத்துக்கலாம், வேணாம்னா விட்டுடலாம்" என்று நம்மவர்கள் சிலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படி எண்ணாதீர்கள். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிடும் பையன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பித்தால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இந்த ஊர் நம் பிள்ளைக்குப் பாதுகாப்பையும் படிப்பையும் தந்திருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பையன் செய்யும் கடமையை நம் பையன் மட்டும் தவிர்க்க வேண்டும் என்று நினைப்பது எனக்கு ஏற்புடையதில்லை. நானும் கணவரும் விண்ணப்பிக்க முடிவு செய்தது, மகன் அந்த இரண்டு ஆண்டைச் செய்வான் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான். அதை ஏற்க முடியாத குடும்பம் வேலை அனுமதியிலேயே இருந்துகொண்டு, இந்தியப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நேர்மையான வழி.

ஆக, பிள்ளைக்கு ஏழு வயதுக்குள், குறைந்தது ஆறு வருடமாவது இங்கே இருப்போம் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்றால் என் கருத்து உள்ளூர்ப் பள்ளி. ஊருக்குப் போகும் நாள் என்றாவது வரலாம் என்பதற்காக, இங்கே வாழும் பிள்ளையைப் பத்து வருடம் இங்கே இல்லாததுபோல வளர்க்கக் கூடாது. ஒருவேளை போக நேர்ந்தால் பிள்ளை ஒரு வருடம் சிரமப்படும், பிறகு சமாளித்துக்கொள்ளும். அந்த ஒரு வருடத்துக்கு நான் அஞ்சுவதில்லை.

அடுத்த ஜனவரியில் சேர்க்க வேண்டியவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான விருப்பப் படிவம் பதிவுக்கு வெகு முன்பே, மே மாதக் கடைசி, ஜூன் தொடக்கம் என்ற அளவில், சில நாள்கள் மட்டும் இணையத்தில் திறந்திருக்கும். அதைப் போடாதவர்கள் மூன்றாம் கட்டத்தில் பதிய முடியாது. ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் அது விட்டுப்போகும். மே மாதத்திலிருந்தே அமைச்சின் இணையதளத்தைப் பார்த்துவாருங்கள். இடம் உண்டா இல்லையா என்பது ஆண்டின் பிற்பகுதியில்தான் தெரியும். அதனால் ஓர் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியிலும் விசாரித்து, எந்தத் தேதி வரை இடம் வைத்திருப்பார்கள், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.